மூன்றாவது காரணம்

இராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கடை பாய்லரும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் உன்னையும் அப்படியே வைத்திருக்க மலை மேல் இருக்கும் அய்யனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் டீக்கடை வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தை வளைவு தாண்டி வைகுண்டராஜ் டீக்கடை முன்னால் மாற்றி ஓர் அதிகாரி ஒரே வரியில் உத்தரவு போட்டதும், நம் கடை ஈயாடியதும், நான் வீராப்பாக மதுரை ஐகோர்ட்டுக்குப் போனதும் உனக்குத் தெரியும். போன மாதம் வக்கீல் பிரேம்குமார் போன் பண்ணி உத்தரவு ரத்து என்றார், மிச்சத்தைக் கேட்காமல் வைத்துவிட்டேன். வைகுண்டராஜ் உட்பட ஊருக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்தேன். சாயங்காலம் வக்கீல் நேரிலேயே வந்துவிட்டார். அண்ணாச்சி, நிறுத்தம் எங்க இருக்கணும்னு கோர்ட்டு சொல்லாது, அது அதிகாரி முடிவு பண்ணுற விஷயம், ஒங்களைக் கேட்டாரா, காரணம் சொன்னாரா, அம்புட்டுதான் பாக்கும், ரெண்டும் இல்லாததால ரத்து, இனி அவரே ஒங்களை விசாரிச்சுப் புதுசா முடிவு பண்ணுவாரு என்றார். அதே ஆளா என்றேன். அதே ஆள்தான் என்றார். போய் பால்கோவாவைத் திருப்பி வாங்கிட்டு வாங்க என்றாள் உன் அம்மா.

விசாரணைக்கு அதிகாரி நம் கடைக்கே வந்தார். பிழைப்பு போச்சு என்பதை மட்டும் சொல்லுங்க, வேற வாயே தொறக்காதீங்க என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் அழாத குறையாகத்தான் ஆரம்பித்தேன். அந்த மனுஷன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லாருக்கே என்று சொல்லித் தொலைத்தார். உன் அப்பனுக்கு அது போதாதா? என்ன சார் இப்படிச் சொல்லிட்டீய, இந்த டீக்குக் கூமாப்பட்டியில இருந்து ஆள் வாராக, எம்புட்டுத் தூரம்னாலும் நடந்தே வருவாக என்று அளந்துவிட்டேன். வக்கீல் என் காலை மிதித்தார், நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

புதன்கிழமை புது உத்தரவு வந்தது, இரண்டு பக்கம். நம் வாசல் வளைவில் இருப்பதால் ஆபத்து, இது ஒன்று. அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வசதி, இது இரண்டு, இதை நானே நீதிபதியாக இருந்தாலும் மறுக்க முடியாது. மூன்றாவது, மனுதாரரின் தேநீருக்காகப் பொதுமக்கள் எவ்வளவு தூரமும் நடந்து வருவதாக அவரே தெரிவித்துள்ளதால் அவருக்குப் பாதிப்பு இல்லை. இனி எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அசைக்க முடியாது அண்ணாச்சி, கேட்டுட்டாரு, காரணமும் சொல்லிட்டாரு, அதுவும் நீங்களே எடுத்துக் குடுத்த காரணம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

நான் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாதான் உத்தரவில் மூன்றாவது காரணத்தைச் சிவப்பு மையில் கோடிட்டு, அந்தத் தாளை லேமினேஷன் போட்டு, பாய்லருக்கு மேலே மாட்டினாள். சேதி பரவி, இப்போது பஸ்ஸில் இறங்குகிறவர்கள், சர்க்கார் சொன்ன டீ இதுதானா என்று கேட்டுக்கொண்டு வளைவு தாண்டி நடந்து வருகிறார்கள். நேற்று வைகுண்டராஜும் வந்து படித்துப் பார்த்துவிட்டு நம் வக்கீல் நம்பரைக் கேட்டான்.

வேளைக்குச் சாப்பிடு. மேலதிகாரி யாராவது உன் வேலையைப் பாராட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்து போய்விடு, நம் குடும்பத்துக்குப் பாராட்டு ஆகாது. தீர்க்காயுசாக இரு. லீவில் வரும்போது பழைய ஞாபகத்தில் வாசலில் இறங்கப் பார்க்காதே, பஸ் நிற்காது. வைகுண்டராஜ் கடை முன்னால் இறங்கி, நீயும் ஒரு டீக்கு நடந்து வா.

உன் வாயாடி அப்பா
சங்கரலிங்கம்