கூரை மேல் இரண்டு தட்டல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிற ஆள் திடீரென்று கடிதம் எழுதினால் பயப்படத்தான் செய்வீர்கள். போனில் ஆரம்பித்தால் நீங்கள் நடுவே புகுந்து "விடுங்க மச்சான்" என்பீர்கள். நானும் இதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால்தான் காகிதம்.

முதலில் வண்டிச் செய்தி. நம் ஹைப்பர்கார் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. அடுத்த மாதம் முதல் வண்டி சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது. பந்தயக் காரின் இன்ஜினை வைத்து, நம்பர் பிளேட் மாட்டி, கடைவீதியில் ஓட்டுவதெல்லாம் நடக்காத காரியம் என்று சிரித்தவர்கள் இப்போது என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேகத்தடையில் அடிவயிறு தட்டுவதில்லை. ஸ்டார்ட் செய்தால் தெருவே விழித்துக்கொள்கிற சத்தமும் அடங்கிவிட்டது. என்னைத் தலைமைப் பொறியாளர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு நீங்கள் வாழ்த்துச் சொன்னபோது பேச்சை மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் செய்தாள். பள்ளி வேன் ஓட்ட நீங்கள் மனுப் போட்டதையும், பழைய விபத்து அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர்கள் தயங்குவதையும் சொன்னாள். அவளே இன்னும் பாப்பாவை உங்களோடு காரில் அனுப்புவதில்லையாம். பிறகு கேட்டாள்: "நீயே சொல்லுண்ணா. கூட இருந்து பார்த்தவன் நீ. அவர் கையில வண்டியக் கொடுக்கலாமா?"

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

விபத்து நடந்த அன்று காலை, சோதனை ஓட்டத்துக்கு நீங்கள் வண்டியை எடுப்பதற்கு முன் நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். நாம் எல்லோரும் பந்தயத்திலிருந்து வந்தவர்கள். டயருக்குச் சூடேற்றும் போர்வை சுற்றாமல் வண்டியை வெளியே எடுத்துப் பழக்கமே இல்லை. அந்த ரக டயர் குளிர்ந்திருந்தால் பிடிப்பு இருக்காது. ஆனால் இந்த வண்டியை வாங்குகிறவர் தன் வீட்டு வாசலில் போர்வை சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பாரா என்று இரண்டு வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டறையில் மெத்தப் படித்தவர்கள் பதினொரு பேர், என்னையும் சேர்த்து.

அன்று வாங்கப்போகிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி வந்து, ரோட்டில் போகிற காருக்குப் போர்வை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, எடுத்து உள்ளே வை என்றார். நானே கழற்றி மடித்து அலமாரியில் வைத்தேன். அவர்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். உங்களை ஓய்வறையிலிருந்து கூப்பிட்டபோது போர்வை எடுத்த விஷயம் உங்களுக்குத் தெரியாது.

நம் வழக்கம் நினைவிருக்கும். நான்கு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு சரியாக இருந்தால் கூரையை இரண்டு முறை தட்டுவேன். தட்டிவிட்டால் நீங்கள் ஒரு கேள்வி கேட்காமல் எடுப்பீர்கள். அன்றும் கை வைத்தேன். நான்கும் சில்லென்று இருந்தன. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு முறை தட்டினேன்.

குனிந்து, மெதுவாகப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் காதில் விழுமே என்று வெட்கப்பட்டேன். இரண்டாவது வளைவில் வண்டி சுவரில் மோதியது. விசாரணைப் படிவத்தில் டயர் வெப்பம் என்ற கட்டத்தில் வழக்கம்போல எண்பது டிகிரி என்று எழுதியது என் கைதான். எண்பது என்றால் டயரில் குறையில்லை, தவறு ஓட்டியவருடையது. அப்படித்தான் தீர்ப்பும் வந்தது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மச்சான், உங்க ரெண்டு வருஷ உழைப்ப உடைச்சுட்டேன்" என்றீர்கள். நான் பரவாயில்லை என்றேன். பொய் எழுதியதைப் பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். உங்களைப் பெரிய மனது பண்ணி மன்னித்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. நினைத்தால் கூசுகிறது.

பிறகு சத்தமில்லாமல் டயரை மாற்றினேன். குளிரிலும் பிடிக்கிற ரகம். போர்வை இல்லாமல்தான் சோதனை என்று விதி வைத்தேன். தொலைநோக்கு என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழில்தான் பதவி உயர்வு. நீங்களோ கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிப் பெட்டி அடுக்குகிறீர்கள். நடந்து போகிறவர் முந்திவிடுகிற வேகம் என்று நீங்களே ஜோக் அடித்தீர்கள். நானும் சிரித்தேன், பாவி.

நேற்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடமும் விசாரணைக் குழுவிடமும் கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கும் ஒரு நகல் தபாலில் போயிருக்கிறது. வேலை நிலைக்காது. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டாம்.

தங்கச்சிக்குத் தனியாக எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதற்கு மேல் ஓடவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். உங்களை எனக்குத் தெரியும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன், அவனும் இல்லாமல் போக வேண்டாம் என்று இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழியை நீங்களே சுமந்துகொண்டு இருந்துவிடுவீர்கள். அந்த நல்ல காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அண்ணன் மேல் கோபப்பட்டு அவள் பிழைத்துக்கொள்வாள். அவள் கேட்டதற்கு என் பதில், கொடுக்கலாம் என்பது. பாப்பாவையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மூவரும் நன்றாக இருங்கள்.

அப்படிக் கூப்பிட இன்னும் மனம் வந்தால்,
உங்கள் மச்சான்