மெஷினைத் தூக்க வந்தவருக்கு ஒரு பெயர்ப்பலகை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அக்கா நலம், கடை நலம், நீ விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் பெயர் செதுக்கும் மெஷினும் மிக மிக நலம். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

போன வாரம் பழைய மெஷின் வாங்கி விற்கிறவர் ஒருவர் ஆளும் வண்டியுமாகக் கடை வாசலில் வந்து நின்றார். உங்க பையன் எல்லாம் பேசி முடிச்சிட்டாரும்மா, தூக்கிட்டுப் போறதுதான் பாக்கி என்றார். பேசி முடிச்சது அவன்தானே, அப்ப அவனையே தூக்கிட்டுப் போங்க, மெஷின் என்னுது என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் வந்த ஆட்களும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் போனால் கடையை மூடுவேன், கடையை மூடினால் உன் வீட்டு ஜன்னலோர அறையில் வந்து உட்காருவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறாய், அதுதான் இடிக்கிறது.

உன் காரணமும் எனக்குத் தெரியும். காய் நறுக்கும் பலகையிலும் மரப்பெட்டியிலும் மெஷினின் கத்தி செதுக்குவது தடி எழுத்து. இப்போது எல்லாரும் மயிரிழை போன்ற எழுத்தில் பெயர் கேட்கிறார்கள், அதற்கு லேசர் வேண்டும், அது அம்மாவால் ஆகாது என்று நீயாக முடிவு கட்டிவிட்டாய். வண்டி வருவதற்கு முன்பே நான் லேசரை வாங்கி, கத்தி சுழற்றும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மாட்டியாயிற்று. மாட்டுவது பெரிதில்லை, ஓரத்தில் இருக்கும் கன்ட்ரோல் போர்டுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. முதல் பலகையில் எழுத்து பூனை நக்கியது போல மங்கலாக விழுந்தது. சரக்கு மட்டம் என்று லேசர் விற்றவரிடம் சண்டைக்குப் போனேன், அவர் நிதானமாக, போர்டுல முழு வேகம் எவ்வளவுன்னு இருக்கு பாருங்கம்மா என்றார். மோட்டாருக்கு வைத்த பத்தாயிரம் அப்படியே இருந்தது, கம்ப்யூட்டரோ ஆயிரத்தையே முழு பலம் என்று அனுப்புகிறது. பத்தில் ஒரு பங்கு சூட்டில் என்ன தெரியும்? இரண்டையும் ஒன்றாக்கினோம். அடுத்த பலகையில் எழுத்து பளிச்சென்று வந்தது, ஆனால் கோடு தொடங்கும் இடத்திலும் திரும்பும் மூலையிலும் சிகரெட்டால் சுட்டது போலக் கரும்புள்ளி. வண்டியோடு வந்தவர் அன்று கடையில் கிடந்த அந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்து, உங்க போர்டே போச்சும்மா, இனி இது இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு வாங்க, சரியா வரலேன்னா நானே கைபிடிச்சு ஏத்தி விடறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் அக்காவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

அவள் போர்டின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, முப்பத்திரண்டாம் எண்ணில் பிடிபட்டது. லேசரா இல்லையா என்று கேட்கிற இடம் அது, இல்லை என்று பூஜ்யத்தில் கிடந்தது. போர்டுக்கு இன்னும் தன் கையில் கத்தி இருப்பதாகவே நினைப்பு! கத்தி நின்ற இடத்தில் சும்மா சுற்றும், லேசர் நின்ற இடத்தைச் சுடும். அதை ஒன்று ஆக்கி, வேகம் குறைந்தால் சூடும் குறைகிற கட்டளையையும் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுத்தோம். மறுநாள் அவர் வந்ததும் அவர் கடைப் பெயர் பொறித்த பலகையை நீட்டினேன். மூலை மூலையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். புள்ளி இருந்தால்தானே! வந்தது வந்தீங்க, வண்டி காலியாப் போக வேண்டாம் என்று அந்தப் பலகையை ஏற்றிவிட்டு, அவர் கிடங்கில் உள்ள மெஷின்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை எங்களிடமே செய்ய ஆர்டர் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.

கண் போய்விடும் என்று பதறாதே. அந்த ஒளிக்கென்றே உள்ள கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே வரக்கூடாது, மெஷினைச் சுற்றித் தகரக் கூண்டு, புகைக்கு மின்விசிறி, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான், ஓடும்போது நகர மாட்டோம். பெயர் பொறிக்க ரெக்ஸின் உறை கொண்டுவந்தவரை, அதைச் சுட்டால் விஷப்புகை என்று திருப்பி அனுப்பினேன், லாபம் போனால் போகட்டும். உன் வீட்டுக்கு வருவேன், திரும்பும் டிக்கெட்டோடு வருவேன். மருமகளிடம் அந்த அறையைச் சும்மா பூட்டி வைக்காமல் புழங்கச் சொல்.

இந்தப் பார்சலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன், புள்ளி விழுந்த அதே பலகை. நல்லது கடைக்கு, பழுதானது வீட்டுக்கு என்பது நம் வழக்கம், நீ வளர்ந்ததும் பழுதான பெட்டிகளின் நடுவில்தான். வெங்காயம் நறுக்கு, நன்றாக உழைக்கும்.

இருவரும் குறைவில்லாமல், சண்டை போட்டாலும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டு வாழுங்கள். இனி என் பொருளுக்கு விலை பேசுவதென்றால் முதலில் என்னிடம் பேசு. விலை கூடுதலாகத்தான் சொல்வேன்.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு,
அம்மா