நாலு எட்டு

12-11-1958, புதன்

செல்லம்மா மேல் பகலில் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. இவருடைய தங்கை அவள். திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. முருங்கைக்கீரையை வாசற்படியில் வைத்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"உள்ள வா, தண்ணியாவது குடி" என்றேன்.

"வேணாம் அண்ணி, நீங்க அங்கிட்டே இருங்க. ஒரு நாலு எட்டு நடந்து காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

என் நரம்பு வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள், நான் காலை இழுப்பதை வேடிக்கை வேறு பார்க்க வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்து சொன்னார். பஸ் ஸ்டாண்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "பஸ்ஸுல வரும்போதே காய்ச்சல் அடிச்சிருச்சுண்ணே. அண்ணிக்கு ஒட்டிரக் கூடாதுல்ல" என்றாளாம்.

போன வருஷம் ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான் என் வலது காலின் பலத்தைக் கொண்டுபோனது. காய்ச்சல் எப்படி நரம்பைக் கெடுக்கிறது என்பது திருச்சி டாக்டருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. "இன்னொரு காய்ச்சல் வராமப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது என்னைத் தாங்கிப் பிடித்து நின்றவள் செல்லம்மா. நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

காலையில் அவளுக்குக் கடுதாசி போட வேண்டும். உடம்பு தேறினதும் வா, தாயி. நாலு எட்டு என்ன, தெருமுனை வரைக்கும் நானே நடந்து வந்து உன்னைக் கூட்டிப்போறேன். கொஞ்சம் நேரமாகும், நில்லு.