அடைப்புக்கு அடியில்

ஜூன் 12, 2024

வல்லிநாயகம் சாரின் பிளஸ் டூ கணிதக் கையேட்டில் நாற்பது பக்கம் அச்சகக் கணினியில் அடித்து முடித்தேன். திசையன் அம்பு எழுத்தின் தலைமேல் சரியாக உட்கார வேண்டும். சராசரியைக் குறிக்கும் மேல்கோடு x-ஐ மட்டும் மூட வேண்டும். தென்காசியில் இதை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறவர் இருந்தால் வரட்டும்.

ஜூன் 14

சாரல். பஸ் முழுக்கக் குற்றாலத்துக் கூட்டம். நின்றே வந்தேன்.

ஜூன் 19

பக்கம் 112. 1+2+4+…+2ⁿ. வரிசை முழுவதற்கும் அடியில் படுக்கவைத்த அடைப்பு, அதற்குக் கீழே 'n உறுப்புகள்' என்று சார் எழுதியிருக்கிறார். அடித்ததும் கை நின்றது. n மூன்று என்றால் 1, 2, 4, 8. நான்கு உறுப்புகள் அல்லவா? n+1 என்று வர வேண்டும். அடுத்த வரியில் 2ⁿ−1 என்ற விடையும் இதனால் தப்பு.

போன் செய்தேன். "எழுதினதை அப்படியே அடிங்கம்மா. முப்பது வருஷமா நடத்துதேன்," என்றார். அச்சக முதலாளி பெஞ்சமின் அண்ணாச்சியும், "அவரு புத்தகம், அவரு பொறுப்பு. நீ ஏன் இழுக்க?" என்றார்.

ஜூன் 20

நாந்தான் தப்பா எண்ணிட்டேனோ? இல்ல. நாலுதான்.

ஜூன் 22

சார் வந்து புரூஃபில் கையெழுத்துப் போட்டார். நான் பென்சிலில் குறித்ததைப் பார்க்கவே இல்லை. அவர் போனதும் சொன்னேன்: "அண்ணாச்சி, 112-ஆம் பக்கத்த மட்டும் நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்."

"அப்ப வேலைக்கு வராண்டாம்னு சொன்னா?"

"சொல்லுங்க. அப்பவும் நாலுதான்."



ஜூன் 24

மறுபடி போன். "சார், n-க்கு மூணு போட்டுக் கூட்டுங்க. ஒரே ஒரு தடவை."

தாள் புரளும் சத்தம்.

"பதினஞ்சு."

"உங்க விடைப்படி?"

மறுபடி தாள் புரண்டது. "ஏழு," என்றார். பிறகு, "அச்சுக்குப் போயிட்டா, ஹுஸ்னா?"

"போகல சார்."

"ரெண்டாயிரம் பிள்ளைய கைக்குப் போறது," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடைப்பின் அடியையும் விடையையும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் 9

சாரின் அடுத்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி வந்திருக்கிறது. அண்ணாச்சி கட்டைப் பிரிக்காமலே என் மேசையில் வைத்தார். அடைப்புகளை அளவுகோல் பிடித்ததுபோல் வரைந்திருக்கிறார் சார். ஒன்றின் அடியிலும் எதுவும் எழுதவில்லை. முதல் தாளில் சின்னச் சீட்டு: 'நீங்கள் எண்ணிப் போடவும்.'

பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன்.