எனக்குக் கட்டிய கல்லறை

தூத்துக்குடி,
3.11.2024

மகன் ஜெர்சனுக்கு,

ஸ்தோத்திரமும் சுக விசாரிப்பும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நேற்று கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அப்பாவின் மண்மேட்டைக் காணோம். நான் தண்ணீர் சுமந்து வளர்த்த நித்தியகல்யாணிச் செடி ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் இரண்டு கட்டில் அகலத்துக்குக் கருங்கல் மேடை, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி. ஒரு பக்கம் ஜேசுபாதம் என்று உன் அப்பா பெயர். மறுபக்கம் தேவமணி ஜேசுபாதம். நான்! உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவும் பதித்திருக்கிறது. தோற்றம் 1951. மறைவு என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நான் ஏதோ வரவேண்டிய நேரத்துக்கு வராமல் இருந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள் என் சித்தி மகள் செல்வராணி. கல்லைப் படித்தவள், பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்க்காமல், "ஐயோ, தேவமணியக்கா எப்ப போனா? ஒருத்தரும் சொல்லலியே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, நான் இங்கனதான் நிக்கேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கல் பதித்த செல்லப்பாண்டியைப் பிடித்துக் கேட்டேன். "உங்க மவன்தான் மஸ்கட்லருந்து சொன்னாவ. கோயில் கமிட்டில அனுமதியும் வாங்கியாச்சு. அம்மாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னாவ" என்கிறான். கல்லுக்கு அடியில் எனக்குச் சிமெண்ட் தொட்டிகூடக் கட்டி மூடி வைத்திருக்கிறானாம். நல்ல சர்ப்ரைஸ், போ!

அப்பா அடக்கம் முடிந்த அன்றே உன்னிடம் சொன்னேனா இல்லையா? எனக்குப் பெட்டி வேண்டாம், சிமெண்ட் வேண்டாம், பருத்திச் சேலையைச் சுற்றி, ஓலைப்பாயில் கிடத்தி, வெறும் மண்ணில் விடுங்கள் என்று. நீயும் தலையாட்டினாய். அந்தக் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொல்.

அம்மா,
தேவமணி

ஸ்தோத்திரம். மருமகளுக்குக் கால்வலி பரவாயில்லையா?


மஸ்கட்,
19.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு ஜெர்சன் எழுதுவது.

நீங்கள் போனை எடுப்பதே இல்லை. அதனால் நானும் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ஜெப்ஸிக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சொல்லாமல் செய்தது தப்புதான். அதற்கு இவ்வளவு கோபமா? போன மழையில் அப்பாவின் மேடு கரைந்து கிடந்ததை மாமா மகன் ஜெஃப்ரி போட்டோ எடுத்து அனுப்பினான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெப்ஸியின் ஊர் நாசரேத்தில் அவள் வீட்டுக் கல்லறைகளைப் பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் பளிங்கு. இத்தனை வருஷம் இந்த வெயிலில் கிடந்து, அப்பா தலைமாட்டில் ஒரு கல் வைக்க முடியவில்லை என்றால் நான் என்ன பிள்ளை?

பாயில் சுருட்டிப் புதைக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் என்ன அநாதையா? "மவன் வெளிநாட்டுல இருக்கான், பெத்தவளுக்கு ஒரு பெட்டி வாங்க வக்கில்ல" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சை நீங்கள் கேட்கப் போவதில்லை. நான்தான் கேட்டாக வேண்டும். கல்லை எடுக்க மாட்டேன் அம்மா. கோபப்படாதீர்கள்.

உங்கள் மகன்,
ஜெர்சன்


தூத்துக்குடி,
6.12.2024

ஜெர்சனுக்கு,

ஊர் பேசும் என்கிறாய். ஊர் பேசியதைச் சொல்கிறேன், கேள்.

கோயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஜோன்ஸின் அம்மா போன வாரம் தவறிவிட்டாள். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. மண் கல்லறை என்றால் வருஷங்கள் கழித்து அதே இடத்தில் அடுத்தவரை வைக்கலாம். நம் தோட்டத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட் தொட்டி இறக்கிவிட்டால் அதற்கப்புறம் அந்த இடம் யாருக்கும் உதவாது. அடக்க ஆராதனையில் மண்ணுக்கு மண் என்று அவ்வளவு வாசிக்கிறோம். பிறகு மண் படாமல் மூடிவிட்டு வருகிறோம். நன்றாக இருக்கிறது!

கடைசியில் மதில் மூலையில், சாக்கடை ஓரமாக அவளை வைத்தார்கள். வந்தவர்கள் நிற்க இடமில்லாமல் கம்பியைத் தாண்டி உன் மேடையில் ஏறி நின்றார்கள். என் பெயர்மேல் ஒருவன் செருப்போடு நின்றான். ஜோன்ஸ் என்னைப் பார்த்து, "பெரியம்மா, உங்க எடம் சும்மாத்தான கெடக்கு" என்றான். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பா இறந்தபோது நீ வந்து சேரும்வரை அவரை வாடகை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு ஜெஃப்ரி ஊரெல்லாம் அலைந்தான். கண்ணாடி வியர்த்து அவர் முகம் தெரியவில்லை. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் உள்ளே இருந்தது. நீ மூன்றாம் நாள் வந்து நின்று, "அப்பா தூங்குத மாதிரியே இருக்காவ" என்றாய். இல்லை ஜெர்சன். தூங்குகிற மாதிரி இல்லை. கூடவே இருந்த எனக்குத் தெரியும்.

எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம். காலையில் போனால் சாயங்காலத்துக்குள் மண்.

அம்மா


மஸ்கட்,
2.1.2025

அம்மாவுக்கு,

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை ஜெப்ஸியிடம்கூடக் காட்டவில்லை. ஏன் எழுதினீர்கள்?

சாயங்காலத்துக்குள் மண் என்றால் நான் எப்படி வந்து சேர்வது? பெற்ற பிள்ளை முகம் பார்க்காமல் அடக்கமா? எந்த ஊரில் நடக்கிறது இது? நான் வராமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று ஜெஃப்ரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தேக்குப் பெட்டிக்கும் செல்லப்பாண்டியிடம் சொல்லியாயிற்று. உயிரோடிருக்கும்வரை உங்கள் இஷ்டம். அப்புறம் என் இஷ்டம். இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜெர்சன்


தூத்துக்குடி,
20.1.2025

மகனுக்கு,

உயிரோடிருக்கும்வரை என் இஷ்டம் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். நல்லது. செய்துவிட்டேன்.

செல்லப்பாண்டியை வரச் சொல்லி, கடப்பாரையோடு நிறுத்தி, என் பக்கத்துக் கல்லைப் பெயர்க்க வைத்தேன். தொட்டியையும் உடைத்து, உள்ளே மண் போட்டு நிரப்பியாயிற்று. "அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு ஏசுவாவ" என்று புலம்பினான். "ஏசட்டும், நீ இடி" என்றேன். அடுத்து யார் தவறுகிறார்களோ அவர்களை அந்த இடத்தில் வைக்கும்படி கமிட்டியில் சொல்லிவிட்டேன். அது நானாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி. அப்பா பக்கத்துக் கல்லை நான் தொடவில்லை. அது உன் துக்கம், இருக்கட்டும்.

குருவானவரையும் ஜெஃப்ரியையும் உட்காரவைத்துப் பேசினேன். ஃப்ரீசர் பெட்டி கிடையாது. யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. மண் போட்டு முடித்த பிறகுதான் உனக்குப் போன் பண்ண வேண்டும். ஜெஃப்ரி அழுதுவிட்டான். "அத்தானுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் அத்தை?" என்றான். "முடிஞ்சிட்டுன்னு சொல்லுல, போதும்" என்றேன். குருவானவர் சரி என்றார்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு மட்டும் இல்லையா? அப்பா அடக்கத்துக்கு வந்தவன்தான் நீ. அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பாய். செத்தால் மட்டும் லீவு கொடுக்கிற கம்பெனியா அது? என் பிணத்தைப் பார்க்க ஓடி வருவேன் என்று சண்டை போடுகிறாய். என்னைப் பார்க்க வருகிறேன் என்று ஒரு வரி எழுதினாயா? உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். இல்லை.

என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அது உன்னைத் திரும்பிப் பார்க்கும்போது வந்து பார். சுகமில்லை என்று யாராவது சொல்லக் காத்திருக்காதே. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். வந்தால் நேரே வீட்டுக்கு வா. கல்லறைத் தோட்டத்தில் எனக்கென்று எதுவும் இல்லை.

அம்மா,
தேவமணி