சர்க்கரை டப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? அத்தையைக் கடைப்பக்கம் விடாதே, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. தொற்று வந்தால் ஆபத்து அதிகம் உள்ளவர்களைப் பிரித்து வேறு கட்டடத்தில் வைக்க, எங்கள் தொழிலாளர் விடுதிக்கு நர்ஸ் வந்தார். கூட வந்த சூப்பர்வைசர் மாஸ்க்குக்குள்ளிருந்தே, "இங்க சர்க்கரை இருக்கா?" என்றார். என் அறைக்கூட்டாளி வெல்டர், மளிகை கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "நிறைய இருக்கு சார், எல்லாம் இவர்கிட்டதான்," என்று என்னைக் காட்டிவிட்டான். டீ போடுவது நான்தானே.

நானும் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினேன். நர்ஸ் குத்திப் பார்த்தால், நிஜமாகவே சர்க்கரை இருக்கிறது. பயப்படாதே, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே இந்த வேறு கட்டடத்தில் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவசரத்தில் சர்க்கரை டப்பாவும் என் பையோடு வந்துவிட்டது.

மறுநாளே எங்கள் பழைய அறையில் எல்லோருக்கும் காய்ச்சல். வெல்டருக்கு மட்டும் மூச்சு முட்டுகிறதாம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். அவன் என்னைக் கைகாட்டியிருக்காவிட்டால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன். போன் போட்டால் எடுக்கவில்லை. அவன் மனைவி கேட்டால் இதைச் சொல்லிவிடாதே.

அத்தை எதைச் சாப்பிடுவார், எதைத் தள்ளுவார் என்று கேட்டுச் சொல். போனிலேயே சொல், மெதுவாகச் சொல். இங்கே பேச ஆளில்லை.

சாப்பாடு வந்துவிட்டது, முடிக்கிறேன். டப்பாவை நான் இன்னும் திறக்கவில்லை. அவன் வந்து கேட்கட்டும்.

பாப்பாவின் அப்பா