முதல் டம்ளரின் உப்பு

அக்கா,

இன்று காலை அன்னாசியோடு இஞ்சியைச் சேர்த்து அரைத்து மிக்ஸி மூடியைத் திறந்தேன். அந்த மணத்தில் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. செத்துப் போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அடங்கவில்லை.

நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். நீங்கள் திருச்செங்கோட்டில், நான் நாமக்கல்லில். விசேஷம் என்றால்தான் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவோம். வந்ததும் நீங்கள் நேரே சமையலறைக்கு வந்துவிடுவீர்கள், சோடா பாட்டில்கள் இருக்கும் இடத்துக்கு. காதுகுத்துக்குக் கொல்லிமலை அன்னாசியும் இஞ்சியும். கிடாவெட்டுக்கு எலுமிச்சை, புதினா, வறுத்த சீரகம். உங்கள் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பினால் நன்னாரி. இதற்கெல்லாம் காக்டெய்ல் என்று நான் பேர் வைத்தபோது நம் மாமியார் பதறிப்போனார்.

"என்ற ஊட்டுல சாராயமா?"

"பேரு மட்டுந்தானுங்க அத்தை. குடிச்சா ஏப்பம் வரும், போதை வராது" என்று நீங்கள்தான் சமாளித்தீர்கள்.

கலக்குகிறவள் ருசி பார்க்கக் கூடாது என்பது நமக்குள் ஏற்பாடு. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, பொங்கி வழியாமல் சோடாவை ஓரமாக நான் விடுவேன். முதல் டம்ளர் உங்களுக்கு. கண்ணை மூடி ஒரு வாய் குடித்துவிட்டு எப்போதும் ஒன்றையே சொல்வீர்கள்: "உப்பு பத்துல கண்ணு. இன்னொரு சிட்டிகை போடு." போடுவேன். முழுக்கக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்பீர்கள். என் கைப்பக்குவம் உங்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று பூரித்துப்போவேன்.

உங்களை எடுத்த அன்று உங்கள் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "கிட்னி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சதுல இருந்து அம்மா உப்பில்லாச் சோறுதானுங்க சித்தி தின்னாங்க. தண்ணிகூட அளந்துதான் குடிச்சாங்க."

என்ன கிட்னி என்று கேட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது அக்கா. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். "அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, மொகம் வாடிப்போயிருவா" என்று கேட்டுக்கொண்டீர்களாம். பந்தியில் அவர்கள் பார்க்க நீங்கள் ஊறுகாயைக்கூடத் தொடமாட்டீர்களாம். சமையலறைக்குள் என் கையில் வாங்கிக் குடித்தது அவர்கள் யாருக்கும் தெரியாது.

என் முகம் வாடும் என்றா மறைத்தீர்கள்? சும்மா சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்தால் டம்ளர் கிடைக்காது, அவ்வளவுதான். வீடு முழுக்க உங்கள் நாக்குக்குக் காவல். காவல் இல்லாத ஒரே இடம் என் சமையலறை. நீங்கள் என்னைத் தேடி வந்ததாக நினைத்திருந்தேன்; உப்பைத் தேடி வந்திருக்கிறீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே. இட்டவளை ஒரு நிமிடம் நினைத்திருந்தால், அதை அவள் கையாலேயே போடச் சொல்லியிருப்பீர்களா? இது துரோகம் அக்கா. வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

"எப்பவோ குடிச்ச அந்த ரெண்டு டம்ளரால ஒண்ணும் ஆயிருக்காது" என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். ஆனால் போட்ட கை என்னுடையது. அவருக்கு அது புரியாது.

இன்று உங்கள் பேரனுக்குக் காதுகுத்து. அன்னாசிதான் கலந்தேன். உப்பை மட்டும் இப்போதெல்லாம் நான் போடுவதில்லை. கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுகிறேன். முதல் டம்ளரை உங்கள் மகளிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்துலீங்க சித்தி" என்று கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "உடம்புக்கு ஏதாச்சும் இருக்குதா கண்ணு? மறைக்காமச் சொல்லிப்போடு."

"எனக்கென்னங்க சித்தி, நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று சிரித்தாள்.

நீங்களும் இப்படித்தான் சிரிப்பீர்கள். டம்ளரில் நுரை முழுக்க அடங்கும்வரை நான் அவள் கையை விடவில்லை.